கொக்கி வாங்கியாச்சு

டிரைவர் சட்டையைக் கழற்றி இரண்டு உதறு உதறுகிறார். காலரை நேராக்கி, லாரிக்குள் குறுக்கே கட்டியிருக்கும் நைலான் கயிற்றில் மாட்டுகிறார். மாட்டியதும் ஒரு கிளிப். கிளிப் போட்ட பிறகும் நம்பிக்கை வராமல் ஒரு முறை இழுத்துப் பார்க்கிறார். இவ்வளவு செய்தும் வண்டி ஒரு வளைவில் திரும்பினால் போதும், சட்டை கிளிப்போடு சறுக்கிக்கொண்டு கயிற்றின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். அடுத்த வளைவில் திரும்பி வரும். "அதுவும் நம்மகூட டியூட்டி பாக்குது, விடுங்க" என்கிறார்.

இருபது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டுகிறவருக்கு ஒரு சட்டை மாட்ட வழியில்லையா என்று கேட்கலாம். வழி இருக்கிறது, அனுமதிதான் இல்லை. கம்பெனி வண்டிக்குள் படம் ஒட்டக்கூடாது. ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது. ஆணியோ திருகாணியோ எதுவும் அடிக்கக்கூடாது. மற்ற டிரைவர்கள் படத்தை ஒட்டிவிட்டு, பரிசோதனைக்கு முந்தின நாள் உரித்துக்கொள்வார்கள். வழியில் தெரிந்தவர் யாராவது நின்றால் ஏற்றிக்கொண்டு நாலு தெரு தள்ளி இறக்கிவிடுவார்கள். ஆனால் ஓட்டை மட்டும் எவரும் போடுவதில்லை. அதை மறைக்க முடியாது, சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதனால் அந்த டிப்போவில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. யாராவது லீசுக்கு, அதாவது தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்கிற ஏற்பாட்டில், வண்டி எடுத்து ஓட்டப் போகிறார் என்றால், "கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்கமாட்டார்கள். "ஓட்டை போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வண்டிக்குள் டிரைவர் படுக்கிற படுக்கைக்கு மேலே, பின்சுவரில், எல்லோரும் பார்க்க ஒரு கொக்கி அடித்தால்தான் அவன் முதலாளி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நெட்டை என்று பெயர் வாங்கிய ஒரு டிரைவர் அப்படித்தான் அடித்தான். கம்பெனியிலேயே லீசுக்கு ஒரு வெள்ளை வண்டி எடுத்து, கூரையில் தலை இடிக்க நின்றுகொண்டு, கூரையை ஒட்டி உச்சியில் ஓட்டை போட்டான். "ஏணியும் சேர்த்து வாங்கிடு" என்று கீழே இருந்தவர்கள் கலாட்டா செய்தார்கள். அன்று டிப்போவில் இருந்த அத்தனை பேருக்கும் டீ அவன் செலவு. ஒரு வருடம் கழித்து, நல்ல விலை வந்தது, லீசோடு வண்டியைக் கைமாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வேறு டிப்போவுக்கு மாற்றலாகிப் போய்விட்டான்.

நம்மவர் அன்று கைதட்டியவர்களில் ஒருவர். அவருக்கு டிப்போவில் பெயர் வைத்தியர். காலையில் வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு டயராகக் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதால் வந்த பெயர். கருவியை வைத்துக் காற்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், கட்டையால் தட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர் ஜுரம் பார்ப்பதுபோல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு கருவியும் வைப்பார், அது வேறு விஷயம். கை சொன்னதைக் கருவி மறுத்தால் கருவியைத்தான் சந்தேகிப்பார். கை தப்பாகச் சொன்ன நாட்களும் உண்டு. அன்றைக்கு டிப்போவே அதைச் சொல்லிச் சிரிக்கும், இவரும் சேர்ந்து சிரிப்பார்.

வண்டியைப் பற்றிப் பேசும்போது மரியாதை குறைய விடமாட்டார். "இவருக்கு இன்னைக்குக் காலையிலேருந்தே மனசு சரியில்ல, இருமிக்கிட்டே வர்றாரு" என்பார். யாரோ இன்ஜினுக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்டதற்கு, "அடுத்தவங்க பொருள்ணே. வாடா போடான்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அந்த மரியாதைக்காரரின் கருவிப் பெட்டியில், ஸ்பானர்களுக்கு அடியில், பழைய பனியன் துணியில் சுற்றி ஒரு பித்தளைக் கொக்கி இருக்கிறது. இரண்டு கை உள்ளது, கனமானது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் இரும்புக் கடையில் பூட்டு வாங்கப் போனவர், பூட்டை விட்டுவிட்டு இதை வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு நாலு கம்பெனி வண்டி மாறிவிட்டது. கொக்கியும் பெட்டியோடு மாறிக்கொண்டே வந்தது. யாராவது வீட்டுக்கு வந்து, சொந்த வண்டி எப்போது என்று கேட்டால் மனைவி முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். "கொக்கி வாங்கியாச்சு. வண்டிதான் பாக்கி."

மகள் இப்போது மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். வைத்தியருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கண் பரிசோதனையில் இந்தத் தடவை கடைசி வரிக்கு முந்தின வரியோடு நிறுத்திக்கொண்டார். இனிமேல் தள்ளிப் போட்டால் கொக்கி மகள் கல்யாணமாகிப் போகிற வீட்டுச் சமையலறைக்குத்தான் போகும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டிப்போ அறிவிப்புப் பலகையில் கம்பெனி மறுபடி லீசுத் திட்டத்தை ஒட்டியது. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒரு ஆள் படம். "ஸ்டியரிங்கை இப்படிப் பிடிச்சா தோள்பட்டை போயிடும்" என்றார் வைத்தியர். சொன்னாரே தவிர அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

திட்டம் கேட்பதற்கு எளிமையானது. முன்பணம் வேண்டாம். ஓட்டுகிற லோடுக்கு வருகிற வாடகையில் வாராவாரம் தவணையைப் பிடித்துக்கொள்வார்கள். நாலு வருடம் கட்டி முடித்தால் வண்டி ஓட்டுநர் பெயருக்கு வரும். நடுவில் விட்டால் வண்டியும் கம்பெனிக்கு, கட்டினதும் கம்பெனிக்கு. அதுவரை கம்பெனி லோடு மட்டும்தான் ஏற்ற வேண்டும். திட்டத்துக்குப் பொறுப்பாக ஒரு இளைஞனைப் போட்டிருந்தார்கள். நல்ல பையன், கழுத்தில் கட்டிய டை மட்டும் யாரோ பெரியவருடையது மாதிரி நீளமாகத் தொங்கும்.

"நான் ஓட்டுற வண்டியவே குடுத்துடுங்க தம்பி. அவரைப் பத்தி எனக்குத் தெரியும், என்னைப் பத்தி அவருக்குத் தெரியும்" என்றார் வைத்தியர்.

"தரலாம் சார். ஆனா அதுக்குத் தவணை கொஞ்சம் கூட வரும்."

"ஏன்?"

"அந்த வருஷத்து வண்டிகள்லயே அதுதான் சார் நல்ல கண்டிஷன். உள்ள ஒரு கீறல்கூட இல்லைன்னு எழுதியிருக்காங்க."

"அதை அப்படி வச்சிருந்தது நான்தானே தம்பி?"

"ஆமா சார். அதனாலதான்."

பெருமைப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தார். வைத்தியர் மனைவி ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து, வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. கிடைத்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே பேசுவாள். "நான் தொடைச்சு வச்சதுக்கு நானே காசு கட்டணுமாம்" என்று இவர் சொன்னதும், மடித்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். "இன்னும் நல்லாத் தொடைங்க" என்றாள்.

சிரிப்பு அடங்கியதும் மகள் ஒப்பந்தத்தை உரக்கப் படித்தாள். வைத்தியர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். நல்ல இடம் வரும்போது தலையாட்டுவார், புரியாத இடம் வரும்போது தண்ணீர் குடிப்பார். அன்று நிறையத் தண்ணீர் குடித்தார். மனைவி ஒரே ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"வண்டி ரிப்பேர்னு நின்னுட்டா தவணையும் நிக்குமா?"

மகள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். "நிக்கும்னு எங்கயும் இல்லம்மா. நிக்காதுன்னும் இல்ல."

"அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்" என்றார் வைத்தியர். இத்தனை வருடம் அவர்கள் சம்பளத்தில் சாப்பிட்டவர் வேறு எப்படிச் சொல்வார்?

மகள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். லீசுக் காலம் முடியும் வரை, பதிவு செய்த ஓட்டுநரைத் தவிர யாரும் வண்டியில் ஏறக்கூடாது என்று இருந்தது. பழைய சட்டம்தான், புதுக் காகிதத்தில்.

"அப்போ நான்?" என்றாள் மனைவி.

வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு என்ன வேலை வண்டியில?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருடைய வண்டியில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போவார். அவளும் கீழே நின்று, கதவு சாத்துகிற வரை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ஏற வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை இருக்கக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

மறுநாள் நகரத்தில் இருக்கும் பெரிய ஷோரூமுக்கும் போய்ப் பார்த்தார். அங்கே கண்ணாடிச் சுவருக்குள் புத்தம் புது வண்டி, தரையில் அதன் நிழல்கூடப் பளபளத்தது. ஏசியில் உட்காரவைத்து, குடிக்கக் குளிர்ந்த பானம் கொடுத்து, மாதத் தவணையைச் சின்னதாகச் சொன்னார்கள். எல்லா மாதமும் கட்டி முடித்த பிறகு கடைசியில் ஒரே மூச்சில் ஒரு பெரிய தொகை கட்டினால்தான் வண்டி கைக்கு வரும் என்பதை எழுந்து கிளம்புகிற நேரத்தில் சொன்னார்கள். "தலையைக் காட்டிட்டு வாலை உள்ள மறைச்சு வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். டயரில் கை வைத்துப் பார்க்கக்கூட அவர்கள் விடவில்லை, அந்தக் கோபமும் உண்டு.

ஆக மனம் மறுபடி கம்பெனித் திட்டத்துக்கே வந்தது. தன் வண்டிக்குத்தான் தவணை அதிகம், வேறு வண்டி எடுத்தால் என்ன? இளைஞன் ஒரு நீல வண்டியைக் காட்டினான். அதே மாடல், புதுப் பெயின்ட், தவணை கையைக் கடிக்காது. மாதம் முடிய இன்னும் சில நாள்தான். கையெழுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, காலையில் கருவிப் பெட்டியைத் திறந்து பித்தளைக் கொக்கியை எடுத்து பேன்ட் பையில் போட்டுக்கொண்டு போனார். மனைவி அதைப் பார்த்தாள்.

நீல வண்டியில் டயரெல்லாம் சரியாக இருந்தது. இன்ஜின் சத்தத்தில் சின்னக் கரகரப்பு, பெரிதாக ஒன்றுமில்லை. "படுத்துப் பாக்காம வண்டி எடுக்கக்கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் படியில் வைத்து, பின்னால் இருக்கும் படுக்கையில் ஏறிப் படுத்தார். கொக்கி எங்கே அடிக்கலாம் என்று சுவரைத் தடவினார்.

கை நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, சுவர் நீலமாக, சமமாக இருந்தது. ஆனால் விரலுக்குக் கீழே சின்னதாக ஒரு மேடு, பக்கத்தில் இன்னொன்று. ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இன்னும் தடவினார். தலையணைக்குக் கொஞ்சம் மேலே வேறொரு ஜோடி. யாரோ குள்ளமான ஆளோ, படுத்தபடியே எதையாவது மாட்ட நினைத்தவனோ. வைத்தியர் மண்டியிட்டு நிமிர்ந்து, கையை எட்டிய மட்டும் நீட்டிக் கூரையோரம் தடவினார். அங்கே ஒரு ஜோடி இருந்தது. அந்த உயரத்தில் கொக்கி அடிக்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். நெட்டையின் வெள்ளை வண்டிக்குத்தான் நீலம் அடித்திருக்கிறார்கள்.

கதவுப் பக்கம் இளைஞன் நின்றிருந்தான். "இதுக்கு முன்னாடி யார் தம்பி ஓட்டினாங்க?"

"நம்ம டிரைவர்ஸ் யாராவது ஓட்டியிருப்பாங்க சார்."

"சம்பளத்துக்கு ஓட்டுறவன் ஓட்டை போடமாட்டான் தம்பி. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

இளைஞன் கையிலிருந்த டேப்லெட் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். முகம் மெல்ல மாறியது. "லீசுல மூணு பேர் எடுத்திருக்காங்க சார்."

"கட்டி முடிச்சது எத்தனை பேர்?"

அவன் நீளமான டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தான். "ஒருத்தரும் இல்ல சார். எனக்கே இப்பதான் தெரியுது" என்றான். பொய் சொல்கிற முகமில்லை. வைத்தியர் அவன் தோளைத் தட்டிவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார். பையிலிருந்த கொக்கி நடக்க நடக்கத் தொடையில் குத்தியது.

டிப்போ வாசலில் நின்று நெட்டைக்குப் போன் போட்டார். ஊர் நலம், உடம்பு நலம் எல்லாம் விசாரித்த பிறகு, "லீசுக்கு நீல வண்டி ஒண்ணு பாத்தேன்டா. வெள்ளைக்கு மேல அடிச்ச நீலம்" என்றார்.

மறுமுனையில் நெட்டை குரலைத் தாழ்த்தினான். "மேல இருக்கிற ஓட்டையைத் தொட்டுட்டீங்களாண்ணே?"

"தொட்டுட்டேன்."

"கியர்பாக்ஸ் போயிடுச்சுண்ணே. ஆறு வாரம் ஷெட்டுல கெடந்துச்சு. வண்டிதான் நின்னுச்சு, தவணை நிக்கலை. லோடு ஏத்தலைன்னா எங்கேருந்து கட்டுறது? சாவியை அவங்க மேசையில வச்சிட்டு வந்துட்டேன். இப்ப இங்க சம்பளத்துக்குத்தான் ஓட்டுறேன்."

"ஏண்டா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எப்படிண்ணே சொல்றது? எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேனே."

வைத்தியரும் அன்று அந்த டீயைக் குடித்தவர், இன்னொன்றும் கேட்டு வாங்கியவர். அவன் இத்தனை நாள் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, நல்ல விலைக்குக் கொடுத்தேன் என்று சிரித்துக்கொண்டு போயிருக்கிறான். திட்டவும் முடியவில்லை, தேற்றவும் தெரியவில்லை. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "வேணாம், விடு. இருக்கிற வேலையப் பாத்துக்கிட்டுப் போறேன். இன்னும் சில வருஷம்தானே" என்றார். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அம்மா கண்ணைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டாள். மனைவி தலையணை உறை ஒன்றை நாலாக மடித்து, எட்டாக மடித்து, மடியில் வைத்துத் தேய்த்தாள்.

"அப்படின்னா அந்தக் கொக்கியக் குடுங்க. குளியலறைக் கதவுல அடிச்சிடலாம். துண்டு போட வசதியா இருக்கும்."

வைத்தியர் அவளை முறைத்தார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்து போய், கொக்கியைப் பழையபடி பனியன் துணியில் சுற்றி, ஸ்பானர்களுக்கு அடியில் வைத்துப் பெட்டியைச் சத்தமாக மூடினார். உள்ளே மகள் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

அடுத்த விடுமுறை நாளில் ஊருக்கு வெளியே ஒரு சின்ன யார்டுக்குப் போனார். பழைய வண்டிகளை வாங்கி, சரி செய்து, லீசுக்கு விடுகிற இடம். நடத்துகிறவள் ஒரு பெண். வயதில் பெரியவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேச்சில் எண்ணெய் தடவுகிற பழக்கம் இல்லை. "என்ன பாக்கணுமோ பாருங்க. என்ன கேக்கணுமோ கேளுங்க. சாயந்தரம் கேட்டை மூடிடுவேன்" என்று சொல்லிவிட்டு ரேடியேட்டர் ஒன்றைக் கழுவப் போய்விட்டாள்.

வெளிறிப்போன பச்சை நிறத்தில் ஒரு வண்டி நின்றது. அழகென்று சொல்ல முடியாது. ஸ்டார்ட் பண்ணினால் குளிரில் எழுப்பிவிட்ட ஆள் மாதிரி ஒரு நடுக்கம் நடுங்கி, அப்புறம் நிதானத்துக்கு வந்தது. வைத்தியர் டயரில் கை வைத்தார், அடியில் படுத்துப் பார்த்தார், செருப்பைக் கழற்றி மேலே ஏறிப் படுத்தார். சுவரைத் தடவ வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இரண்டே இரண்டு ஓட்டைகள், பட்டி வைக்காமல் திறந்தபடி இருந்தன. சுற்றிலும் பெயின்ட் தேய்ந்து, தகரம் வழவழவென்று இருந்தது. வேறெங்கும் ஒன்றும் இல்லை.

"கொக்கியக் காணோமேக்கா?" என்று மேலிருந்தே கேட்டார்.

"கொண்டு போயிட்டாரு. ஒரே ஆளு, ஒன்பது வருஷம். கட்டி முடிச்சு, அதுக்கப்புறமும் அவருதான் ஓட்டினாரு. கண்ணு சரியில்லாம போயி எங்கிட்டயே வித்துட்டாரு. வண்டிய விட்டுட்டுப் போக மனசு வந்துச்சு, கொக்கிய விட வரலை. கழட்டிப் பையில போட்டுக்கிட்டுத்தான் நடந்தாரு."

வைத்தியர் அந்தத் தேய்ந்த தகரத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

இறங்கி வந்ததும், மனைவி கேட்ட கேள்வியை அப்படியே கேட்டார். "வண்டி நின்னா தவணை?"

"என் ஷெட்டுல நின்னா அந்த வாரம் தவணை கிடையாது. வேற எங்கயாவது கொண்டு போய்ப் பிரிச்சுப் போட்டீங்கன்னா எனக்குச் சம்பந்தமில்ல. முன்பணம் கொஞ்சம் கனமா வேணும். லோடு நான் புடிச்சுக் குடுக்கமாட்டேன், நீங்களா தேடிக்கணும்."

"வண்டியில வேற யாராவது ஏறலாமா?"

அக்கா ரேடியேட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். "உங்க வண்டி. யாரை ஏத்தினா எனக்கென்ன? ஆடு மாடு ஏத்தினாக் கழுவிக் குடுங்க."

முன்பணம் என்றால், சொந்தமாக ஒரு வீடு வாங்க இருவரும் சேர்த்து வைத்ததில் பாதி போய்விடும். லோடு கிடைக்காத வாரத்தில் சம்பளம் என்று ஒன்று வராது. இது தெரியாமல் இல்லை. மூன்று நாள் வைத்தியர் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மகள், தன் மருந்துக் கடைக்குச் சரக்கு அனுப்புகிற கிடங்கில் வண்டி தேவைப்படுகிறதா என்று விசாரித்து வந்தாள். மனைவி சலவைக் கூடத்து மேலாளரிடம், ஆஸ்பத்திரிச் சாமான் ஏற்றுகிறவர் யார் என்று கேட்டு வைத்தாள். வைத்தியர் தன் பங்குக்கு இரண்டு கிடங்கு வாசலில் போய் நின்று, ஒன்றில் திட்டு வாங்கினார், ஒன்றில் வாரம் ஒரு லோடு வாங்கினார். நாலாம் நாள் மனைவிதான் ஆரம்பித்தாள்.

"லோடு கிடைக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"தேடணும்."

"தேடியும் கிடைக்கலைன்னா?"

"பயமாத்தான் இருக்கு" என்றார் வைத்தியர். கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி அவள் கேட்டதில்லை.

"எனக்கும்தான்" என்றாள். பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்து அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

கம்பெனி வேலையை விட்டு, அக்காவிடம் எடுத்த பச்சை வண்டியின் முதல் லோடு ஒரு புதன்கிழமை. போய்விட்டு அன்றே திரும்புகிற தூரம். விடிந்து வெயில் ஏறாத நேரத்தில் வண்டி தெருமுனையில் நின்றது. வைத்தியர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய துளையிடும் இயந்திரத்தோடு படுக்கையில் மண்டியிட்டிருந்தார். பழைய ஓட்டைகளுக்கு அவருடைய கொக்கி பொருந்தவில்லை. ஒரு சாண் தள்ளிப் புதிதாகத்தான் போட வேண்டும். பென்சிலால் குறித்தார். இயந்திரத்தைச் சுவரில் வைத்தவர், எடுத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். கம்பெனி சூப்பர்வைசர் யாரும் வரவில்லை. இனிமேல் வரவும் மாட்டார். ஆனாலும் கைக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். தகரத் தூள் உதிர்ந்தது, அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

கொக்கியைப் பொருத்தித் திருகாணியை முறுக்கி, தொங்கிவிடுகிற மாதிரி இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "நம்ம பய கெட்டிதான்" என்று சுவரைத் தட்டினார். வண்டிக்கு மரியாதை அன்றோடு போயிற்று.

கீழே மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு, தோளில் பையோடு நின்றிருந்தாள். வழக்கம்போலப் பாத்திரத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"ஏறு."

"எங்கங்க?"

"இங்கதான். அந்தக் கம்பியப் புடி. இடது கால மொதல்ல வை."

"இன்னைக்கு லீவு சொல்லிட்டு வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லீவு சொன்னியா?" என்றார் வைத்தியர், உண்மையாகவே தெரியாமல்.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து, மூன்று படி ஏறி உள்ளே வந்து உட்கார்ந்தாள். கண்ணாடி வழியே தெருவை மேலிருந்து பார்த்தாள். தன் வீட்டு மொட்டைமாடியில் காய்கிற துணி அங்கிருந்து தெரிந்தது. "இவ்வளவு உயரமா?" என்றாள் மெதுவாக. பாத்திரத்தைக் காலடியில் வைத்தாள். மடியிலிருந்த பையை எங்கே வைப்பது என்று முன்னால் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள், திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

வைத்தியர் அப்போதுதான் சட்டையைக் கழற்றி, இரண்டு உதறு உதறி, காலரை நேராக்கிக் கையில் வைத்திருந்தார்.

அவள் எட்டி, பித்தளைக் கொக்கியில் பையை மாட்டினாள். பையின் இரண்டு வார்களையும் கொக்கியின் இரண்டு கையிலும் போட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். "நல்ல வசதி" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

வைத்தியர் கொக்கியைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு குனிந்து கருவிப் பெட்டியைத் திறந்து, பழைய நைலான் கயிற்றை எடுத்து, பல்லால் முடிச்சை இறுக்கி வண்டிக்குக் குறுக்கே கட்டத் தொடங்கினார்.